பதின்மூன்று அணிகளில் ஆடியவர்

கூடைப்பந்தாட்டத்தில் ஒருவர் பெரும் கீர்த்தி அடைந்தார் என்று எழுதப் புகுந்தால், அவர் ஒரே நகரத்தில் ஒரே சட்டையை அணிந்து இருபது வருஷ காலம் ஆடியதையும், ஓய்வு பெற்ற பின் அந்தச் சட்டையை அரங்கத்தின் கூரையில் ஏற்றி மரியாதை செய்ததையும் சேர்த்தே எழுதுவது நெடுநாளைய வழக்கம். லாஸ் ஏஞ்சலிஸில் கோபி பிரையன்ட்டும், டல்லாஸில் டர்க் நோவிட்ஸ்கியும் அவ்வாறு விளங்கியவர்கள். அவர்களுடைய புகழில் நான் குறை காண வரவில்லை. ஆனால் அந்த அளவுகோலையே எல்லோர் மீதும் வைத்து அளந்து, பல அணிகளில் ஆடிய ஒருவரைக் கண்டவுடன் ‘எங்கும் நிலைக்காத பேர்வழி’ என்று தீர்ப்புக் கூறிவிடும் பழக்கம் ரசிகர்களிடத்திலும் விமரிசகர்களிடத்திலும் வேரூன்றி இருக்கிறதே, அது பெரிய அநியாயம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

அமெரிக்காவின் என்.பி.ஏ. என்னும் தொழில்முறைப் போட்டியில் பதின்மூன்று அணிகளுக்கு ஆடியவர் இஷ் ஸ்மித். வேறு எவரும் அத்தனை அணிகளைக் கண்டதில்லை. 1988ஆம் வருஷம் வட கரோலினாவைச் சேர்ந்த ஷார்லட் நகரத்தில் பிறந்தவர், ஆறடி உயரம். ஆறரை அடி சர்வசாதாரணமாக இருக்கும் களத்தில் அவர் சிறுவன் போலவே தோன்றுவார். அதே மாநிலத்து வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் அவர் படித்த காலத்தில், 2010ஆம் வருஷத்துக் கல்லூரிப் போட்டியில், டெக்ஸஸ் பல்கலைக்கழகத்தை எதிர்த்து நடந்த ஓர் ஆட்டம் உபரி நேரத்துக்குப் போயிற்று. ஒரு புள்ளி பின்தங்கி நின்ற தம் அணிக்காகப் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடிவந்த ஸ்மித், ஓட்டத்தைச் சட்டென்று நிறுத்தி எழும்பி எறிந்த பந்து வளையத்துக்குள் விழுந்தபோது, கடிகாரத்தில் மிச்சம் இருந்தது 1.3 விநாடி. ஆட்டம் 81-80 என்ற கணக்கில் முடிந்தது. அதற்குச் சில மாதங்களுக்குப் பின் என்.பி.ஏ. அணிகள் கூடி அறுபது புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தன. அந்த அறுபது பேரில் இவர் பெயர் இல்லை.

தேர்வு பெறாமலேயே ஹூஸ்டன் அணியின் பயிற்சி முகாமுக்குச் சென்று இடம் பிடித்தவர், அங்கே தொடங்கி மெம்பிஸ், கோல்டன் ஸ்டேட், ஆர்லாண்டோ, மில்வாக்கி, பீனிக்ஸ், ஓக்லஹோமா, பிலடெல்பியா, நியூ ஆர்லியன்ஸ், டெட்ராய்ட், வாஷிங்டன், ஷார்லட், டென்வர் என்று ஒரு தேசத்தின் நான்கு மூலைகளையும் பார்த்து, நடுநடுவே சில ஊர்களுக்கு இரண்டாம் முறையும் திரும்பி வந்து, பதினான்கு பருவங்கள் ஆடினார். இவருக்கு முன்னால் பன்னிரண்டு அணிகளுடன் சாதனையைப் பகிர்ந்துகொண்டிருந்தவர்கள் நால்வர். அவர்களில் ஒருவரான ஜோ ஸ்மித், 1995ஆம் வருஷத்துத் தேர்வில் முதல் ஆளாகவே அழைக்கப்பட்டவர் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். தேர்வில் முதல் ஸ்தானம் பெற்றவரும், தேர்விலேயே இடம் பெறாதவரும் ஒரே பாதையில் நடந்திருக்கிறார்கள் என்றால், இந்த அலைச்சலைத் திறமைக் குறைவின் அடையாளமாகக் கொள்வது எவ்வளவு மேலோட்டமான பார்வை!

இந்த இடமாற்றங்களை எல்லாம் அவர் விரும்பித் தேடிக்கொண்டாரா என்பதுதான் முதலில் எழ வேண்டிய கேள்வி. ஒப்பந்தம் முடிந்து தாமே சம்மதித்து வேறு ஊருக்குப் போனது சில தடவை. அணி அவரை விடுவித்துவிட்டது சில தடவை. எஞ்சிய ஏழு தடவை, ஓர் அணி மற்றோர் அணியுடன் பேசி முடித்த பரிவர்த்தனையில் அவர் கைமாற்றப்பட்டார். அந்தப் பரிவர்த்தனைகளில் அநேகமாக அவர் பேச்சின் மையமாகவும் இருந்ததில்லை. 2011 பிப்ரவரியில் ஷேன் பாட்டியரை மெம்பிஸுக்கு அனுப்பிய ஹூஸ்டன் இவரையும் உடன் அனுப்பியது. இரண்டு வருஷம் கழித்து ஜே.ஜே. ரெடிக்கை மில்வாக்கிக்குக் கொடுத்த ஆர்லாண்டோவும் அப்படியே செய்தது. இரு பக்கமும் கைமாறும் சம்பளத் தொகைகள் ஏறக்குறைய ஒத்துவர வேண்டும் என்ற விதி இருப்பதால், பெரிய ஆட்டக்காரர்களின் பெயருக்குக் கீழே சிறிய சம்பளக்காரர்கள் இருவர் மூவரைச் சேர்த்துக் கணக்கைச் சரிக்கட்டுவது அங்கே சகஜம். நம் நாட்டு அரசாங்க உத்தியோகஸ்தர் ஒருவர் மாற்றல் உத்தரவைக் கையில் வாங்கும்போது படும் மனக்கிலேசம் நமக்குத் தெரியாததன்று. அவருக்காவது எஜமானர் மாறுவதில்லை, வேலையின் சட்டதிட்டங்களும் மாறுவதில்லை.

கூடைப்பந்தில் ஸ்மித்துக்கு வாய்த்த வேலையோ, இடம் மாறினால் எல்லாமே மாறிவிடும் வேலை. பாயின்ட் கார்டு என்று சொல்லப்படுபவர் ஆட்டத்தைத் தொடங்கி வைப்பவர். பந்தை மேலே கொண்டுசெல்வது, பயிற்சியாளர் விரல் காட்டிச் சொல்லும் வியூகத்தை ஓடுகிற ஓட்டத்திலேயே மற்ற நால்வருக்கும் அறிவிப்பது, யாருக்கு எந்த விநாடியில் பந்து போய்ச் சேர வேண்டும் என்று தீர்மானிப்பது ஆகிய மூன்றும் அவர் பொறுப்பு. வளையத்தின் அடியில் நிற்கும் உயரமானவர் பந்தைத் தலைக்கு மேலே விரும்புகிறாரா, தரையில் ஒரு தட்டுத் தட்டி வருவதை விரும்புகிறாரா. ஓரத்தில் நின்று எறிபவர் பந்து நெஞ்சுக்கு நேரே வந்தால்தான் எறிவாரா, இடுப்பளவில் வந்தாலும் சமாளிப்பாரா. இத்தகைய நுணுக்கங்களைப் பழகிப் பழகித்தான் அறிய முடியும். பிப்ரவரி மாதத்தில், பருவத்தின் பாதிக்கு மேல் முடிந்த பிறகு, முன்பின் அறியாத நால்வர் நடுவே சட்டை மாற்றிக்கொண்டு வந்து நிற்பவருக்கு அதற்கு எத்தனை நாள் அவகாசம் கிடைக்கும்? இந்தக் காரியத்தைப் பதின்மூன்று அணிகளில் செய்து காட்டியவரிடம் இருப்பது அபூர்வமான ஒரு வித்தை என்றே சொல்வேன். சாமர்த்தியம் இல்லாதவரை ஓர் அணி ஏமாந்து எடுக்கலாம். பதின்மூன்று அணிகளும் ஏமாறுமா?

பிலடெல்பியாவில் நடந்ததை இங்கே சற்று விஸ்தாரமாகச் சொல்ல வேண்டும். 2015ஆம் வருஷக் கோடையில் அந்த அணி அவரைத் தக்கவைத்துக்கொள்ளாமல் விட்டுவிட்டது. அடுத்த பருவத்தில் ஆடிய முதல் 31 ஆட்டங்களில் ஒன்றே ஒன்றில் மட்டும் வென்று, தேசமே பரிதாபப்படும் நிலைக்கு அது வந்துவிட்டது. வரும் வருஷங்களின் தேர்வுகளில் நல்ல இளைஞர்களைச் சேர்த்துக்கொள்ளும் நோக்கத்துடன் நிகழ்காலத்தைத் தியாகம் செய்த அணி அது. ஆனால் சேர்த்துவைத்த இளைஞர்களுக்குப் பந்தை உரிய வேளையில் கொண்டுபோய்க் கொடுக்க ஆள் இல்லை. கடைசியில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், இரண்டாம் சுற்றில் ஆள் தேர்ந்தெடுக்கும் உரிமைகள் இரண்டை நியூ ஆர்லியன்ஸ் அணிக்கு விலையாகக் கொடுத்து, ஆறு மாதத்துக்கு முன் சும்மா விட்டுவிட்ட அதே மனிதரைத் திரும்ப வரவழைத்தார்கள். அவர் வந்து ஆடிய முதல் ஆட்டத்திலேயே, அவரை முன்பு விடுவித்த பீனிக்ஸ் அணியை அதன் சொந்த அரங்கத்தில் வைத்து வென்றார்கள். பருவம் முடிந்தபோது மொத்த வெற்றிகள் பத்துத்தான். இருந்தாலும் அவற்றில் ஒன்பது ஸ்மித் வந்த பிறகு கிடைத்தவை. ஆட்டத்துக்குச் சராசரி ஏழு முறை அவர் கொடுத்த பந்தைக் கொண்டு மற்றவர்கள் கூடை போட்டார்கள். மறு வருஷம் டெட்ராய்ட் அவரை மூன்று வருஷ ஒப்பந்தத்தில் எடுத்துக்கொண்டது. பதினான்கு பருவங்களில் அவர் ஓரிடத்தில் தொடர்ந்து தங்கிய மிக நீண்ட காலம் அந்த மூன்று வருஷங்களே.

ஆட்டக்காரர்களுடைய உரிமைகளின் சரித்திரம் தெரிந்தவர்களுக்கு ஆஸ்கார் ராபர்ட்சன் பெயர் நினைவுக்கு வரும். ஒப்பந்தம் முடிந்த பின்னும் ஆட்டக்காரரைத் தம் உடைமைபோல் பிடித்துவைத்துக்கொள்ள அணிகளுக்கு இருந்த அதிகாரத்தை எதிர்த்து, ஆட்டக்காரர் சங்கத்தின் தலைவராக இருந்த அவர் 1970இல் வழக்குத் தொடுத்தார். 1976இல் அது சமரசத்தில் முடிந்து, பின்னால் 1988இல் முழு விடுதலைக்கு வழி வகுத்தது. ஒப்பந்தம் முடிந்தவர் விரும்பிய ஊருக்குப் போகலாம் என்ற நியாயம் இவ்வாறு ஸ்தாபிதமாயிற்று. ஆனால் ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது தம்மை வேறு அணிக்குக் கைமாற்றுவதை ஆட்சேபிக்கும் உரிமை? அபூர்வமான சில ஓராண்டு ஒப்பந்தங்களை விட்டுவிட்டால், எட்டு வருஷ சேவை முடித்தவராகவும், அதில் நான்கு வருஷம் அதே அணியில் இருந்தவராகவும் உள்ளவர் மட்டுமே அந்த உரிமையை ஒப்பந்தத்தில் எழுதிக் கேட்கலாம் என்பது விதி.

இந்த விதியின் இரண்டாவது நிபந்தனையைத்தான் நான் வன்மையாகக் கண்டிக்கிறேன். ஓரிடத்தில் நிலைத்திருக்க வாய்த்தவர்களுக்கு மட்டும் நிலைத்திருக்கும் உரிமையை அளித்து, அடிக்கடி கைமாற்றப்படுகிறவர்களுக்கு, அவர்கள் கைமாற்றப்பட்டார்கள் என்ற காரணத்தினாலேயே, அதை என்றென்றைக்கும் மறுத்துவிடுகிறது அது. எட்டு வருஷமென்ன, பதினான்கு வருஷம் ஆடியும் ஸ்மித் எந்த அணியிலும் நான்கு வருஷம் நிறைவு செய்ததில்லை. ஆகையால் ஒரு நாளும் அவர் அந்த உரிமையைக் கேட்கத் தகுதி பெறவில்லை. 2025 பிப்ரவரியில் லூகா டான்சிச் என்ற மகா நட்சத்திரத்தை டல்லாஸ் அணி லாஸ் ஏஞ்சலிஸுக்குக் கைமாற்றியபோது, உலகம் முழுவதும் உள்ள ரசிகர்கள் திகைத்துப் போய், ஒரு மனிதரை இப்படியும் நடத்தலாமா என்று கேட்டார்கள். கேட்டது நியாயமே. பெயர் தெரியாத ஆட்டக்காரர்களுக்கு அது வருஷந்தோறும் நடந்துவருகிறது என்பதையும் அன்று அவர்கள் எண்ணிப் பார்த்திருக்கலாம்.

லட்சக்கணக்கான டாலர் சம்பளம் வாங்குகிறவருக்கு இதில் என்ன குறை என்று கேட்பவர்கள் உண்டு. சம்பளம் ஏராளம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பணம் கொடுத்துவிட்டதனால் ஒருவருடைய சம்மதம் அநாவசியமாகிவிடும் என்ற கொள்கையை வேறு எந்தத் தொழிலில் நாம் ஒப்புக்கொள்கிறோம்? அணிகளின் ஏற்பாடுகள் ஸ்தம்பித்துவிடும் என்ற வாதமும் பலமற்றது. ஐந்து வருஷம் ஆடிய எவருக்கும், எந்த அணியில் இருந்தாலும், வாழ்நாளில் ஒரே ஒரு முறை ‘போக மாட்டேன்’ என்று சொல்லும் உரிமை கொடுத்தால் எந்த அணியும் குடிமுழுகிப் போகாது.

2022இல் வாஷிங்டனிலிருந்து டென்வருக்கு அனுப்பப்பட்டதுதான் ஸ்மித்துக்கு நேர்ந்த கடைசிப் பரிவர்த்தனை. அவருடைய பதின்மூன்றாவது அணியும் அதுவே. 1976இல் என்.பி.ஏ.வில் சேர்ந்தது முதல் ஒருமுறையும் பட்டம் வெல்லாதிருந்த டென்வர், 2023 ஜூனில் மயாமியை நான்குக்கு ஒன்று என்று வென்று முதல் பட்டத்தைப் பெற்றது. இறுதிக்கட்ட ஆட்டங்களில் ஸ்மித் களத்தில் நின்ற நேரம் மிகக் குறைவு. ஆயினும் வெற்றி பெற்ற அணியில் அவரும் ஒருவர். பிறகு பிறந்த ஊரான ஷார்லட்டின் அணிக்கே திரும்பி வந்து, 2023-24 பருவத்தையும் ஆடினார்.

அணிகளும் ஆட்டக்காரர் சங்கமும் செய்துகொண்டுள்ள இப்போதைய உடன்படிக்கை 2029-30 பருவம் வரையில் செல்லும். விரும்பினால் இரு தரப்பில் எவரும் ஒரு வருஷம் முன்னதாகவே அதிலிருந்து விலகிக்கொள்ளலாம். புதிய உடன்படிக்கையை எழுத உட்காரும்போது, நான்கு வருஷம் ஒரே அணியில் இருக்க வேண்டும் என்ற அந்த நிபந்தனையை நீக்க வேண்டும் என்று சங்கம் முதல் கோரிக்கையாக வைக்க வேண்டும். அதை முன்னின்று கேட்க வேண்டியவர்கள், அந்த உரிமையைக் கேட்க ஏற்கெனவே தகுதி பெற்றுள்ள பெரிய நட்சத்திரங்கள்.