எழுபதாவது வளைவுக்கு மேலே ஒரு லிப்ட்

கொல்லிமலை அடிவாரத்துக் காரவள்ளியில் ஏறத் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகளையும் முடித்தால் சோளக்காடு. சந்தை நாளில் அன்னாசியும் பலாவும் வாழைத்தாரும் மிளகு மூட்டையும் குவிகிற ஊர். ஏறும்போது கிளட்ச் தேய்கிறது, இறங்கும்போது பிரேக் தேய்கிறது. ஸ்டீயரிங்கை ஒடித்து ஒடித்துப் பால் ஜாயிண்ட் ஆட்டம் காண்கிறது. முன் டயர்கள் ஓரத்தில் மட்டும் மொட்டையாகின்றன. சமவெளிக் காரை சர்வீஸுக்கு விடும்போது அடியில் பார்த்துக்கொள்ளலாம். மலைக் காருக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது.

அதனால், சோளக்காட்டில் மிளகும் காப்பியும் வைத்திருக்கிற நண்பர் ஒருவர், “வீட்டிலேயே கார் லிப்ட் போடலாம்னு இருக்கேனுங்க” என்றபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிரித்தவர்கள் கீழ்நாட்டு உறவினர்கள். தோட்டத்துக்காரனுக்கு எதற்கு ஷோரூம் சாமான் என்று கேட்டார்கள். நண்பர் பல வருடம் நாமக்கல் லாரி ஓட்டியவர். ஸ்பேனர் பிடித்த கை சும்மா இருக்காது. வீட்டில் ஒரு பழைய மகிந்திரா ஜீப், ஒரு பொலிரோ, மகனுடைய ஸ்விப்ட். உறவினர்களுக்கு அவர் சொன்ன பதில் ஒன்றே ஒன்று. “பிரேக் லைனிங் பார்க்கணும்னா நாமக்கல்லுக்கு இறங்கணும். பிரேக் சரியில்லாம எப்படிங்க இறங்குறது?”

இதற்கு மேல் வாதாட ஒன்றுமில்லை. எந்த லிப்ட் என்பதுதான் மிச்சம்.

கார் லிப்ட் என்றதும் நம் ஊர்க்காரர்களின் மனதில் எழுவது வாட்டர் சர்வீஸ் நிலையத்தில் தரைக்குள்ளிருந்து ஒற்றைத் தடித்தண்டு எழுந்து காரைத் தூக்கி நிறுத்துமே, அந்தக் காட்சிதான். கம்ப்ரசர் காற்று எண்ணெயை அழுத்த, எண்ணெய் தண்டைத் தள்ளுகிறது. இந்தக் குலத்தின் மூதாதை 1925இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் பிறந்தது. பீட்டர் லுனாட்டி என்ற மெக்கானிக், முடிவெட்டிக்கொள்ள உட்கார்ந்தபோது நாற்காலி ஏறி இறங்குவதைப் பார்த்து, இதில் காரை உட்கார வைத்தால் என்ன என்று யோசித்தாராம். கதை உண்மையோ இல்லையோ, அடுத்தமுறை சலூனில் உட்காரும்போது உங்களுக்கும் ஞாபகம் வரும். ஆனால் ஒற்றைத் தண்டு லிப்டுக்குத் தண்டின் நீளத்துக்குக் குழி தோண்ட வேண்டும். சோளக்காட்டில் நாலடி தோண்டினால் பாறை வருமா, ஊற்று வருமா என்பது கடப்பாரைக்கே தெரியாது. அதை முதலிலேயே விட்டுவிட்டோம்.

லாரிப் பட்டறையில் வளர்ந்தவர்களின் அடுத்த யோசனை பள்ளம். நாமக்கல் பக்கம் பாதிப் பட்டறைகள் பள்ளத்தில்தான் பிழைக்கின்றன. செலவு குறைவு, கூரை உயரம் பிரச்சினையில்லை, கரண்டும் வேண்டாம். மலையில் மட்டும் அது சரிப்படாது. ஐப்பசி, கார்த்திகையில் சுவரெல்லாம் நீர் கசிந்து பள்ளம் தொட்டியாகிவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. டேங்கிலோ குழாயிலோ சொட்டினால் ஆவி நேராகப் பள்ளத்துக்குள் இறங்கிப் படுத்துக்கொள்ளும். அங்கே ஒரு ஓட்டை பல்ப் ஒயர் போதும். சமையல் எரிவாயுவும் அதே குணம்தான். கேஸ் டேங்கர் லாரிகள் இத்தனை ஓடுகிற மாவட்டத்தில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தவிர, பேரக்குழந்தைகள் ஓடியாடுகிற வாசலில் திறந்த பள்ளம் எதற்கு?

பிறகு நான் ஒரு யோசனை சொன்னேன். மலையில்தான் இயற்கையே சரிவு கொடுத்திருக்கிறதே, மேட்டிலிருந்து இரண்டு கற்சுவர்களைச் சமமட்டமாக நீட்டினால் என்ன? காரை அப்படியே சுவர்மேல் ஓட்டி வந்து நிறுத்தினால் அடிவயிறு முழுக்க அந்தரத்தில் இருக்கும். நிமிர்ந்து நின்று வேலை பார்க்கலாம். மோட்டாரும் இல்லை, எண்ணெயும் இல்லை. முனையில் சக்கரம் தாண்டாதபடி ஒரு தடுப்பு, இருபுறமும் விளிம்பு, நிறுத்தியதும் பின்சக்கரத்துக்குக் கட்டை. இன்ஜின் ஆயில், கியர் ஆயில், கிரௌன் ஆயில் மாற்ற, ஜீப்பின் கிராஸுக்குக் கிரீஸ் அடிக்க, சைலன்சர் பார்க்க இதைவிட நல்ல ஏற்பாட்டை எந்தக் கம்பெனியும் விற்கவில்லை.

நண்பர் கேட்டுவிட்டு, “சக்கரத்தை எப்படிங்க கழட்டுறது?” என்றார். சுவர்மேல் நிற்பதே சக்கரம்தானே. பிரேக் பேடும் லைனிங்கும் பார்க்கச் சக்கரம் தொங்க வேண்டும். அவருக்கு லிப்ட் வேண்டியதே அதற்காகத்தான். கற்சுவர் ஆயில் வேலைக்கு என்று ஒதுங்கிக்கொண்டது.

இனி விற்பனையாளர் தரும் அட்டையைப் புரட்டலாம். கோயம்புத்தூரில் ஏடிஎஸ் எல்ஜி போன்ற கம்பெனிகள் பட்டறைச் சாமான்களைச் செய்கின்றன; வெளிநாட்டுச் சரக்கும் தாராளமாகக் கிடைக்கிறது. டூ போஸ்ட் என்றால் இரண்டு தூண்கள், அவற்றிலிருந்து நீளும் நான்கு கைகள். நான்கு சக்கரமும் தொங்கும், அடிப்பக்கம் முழுக்கத் திறந்திருக்கும். மெக்கானிக்குகள் இதைத்தான் கேட்பார்கள். ஃபோர் போஸ்ட் என்றால் காரை இரண்டு தண்டவாளங்கள்மேல் ஏற்றி நிறுத்துவது. சக்கரம் கழற்ற வேண்டுமானால் மேலே தனி ஜாக்கி வேண்டும், இடமும் அடைக்கும். இடமில்லாமல் ஒரு காருக்குமேல் இன்னொன்றை நிறுத்துகிற சென்னைக்காரருக்கு அது பொருந்தலாம். தோட்டத்தில் கார் நிறுத்த இடத்துக்கா பஞ்சம்? மூன்றாவது சிசர் லிப்ட், கத்தரிபோல விரிந்து எழுவது. அதிலும் ஆளுயரம் எழுவது ஒன்று, இடுப்பு உயரத்தோடு நிற்பது ஒன்று.

டூ போஸ்ட்தான் நண்பருக்குப் பிடித்திருந்தது. “நாலு டன் தூக்கும்” என்று விற்பனைப் பையன் சொன்னதில் அவருக்கு ஒரே குஷி. பொலிரோ ஏறக்குறைய 1,600 கிலோ, ஸ்விப்ட் 900 கிலோவை ஒட்டி. நாலு டன் தாராளம்தான். ஆனால் எடையைப் பற்றிப் பேசும்போது யாரும் கூரையைப் பற்றிப் பேசுவதில்லை. பொலிரோவின் உயரம் 1.88 மீட்டர். நம் வீட்டுக் கார் ஷெட்டின் கூரை 10 அடி, அதாவது 3.05 மீட்டர். கழித்துப் பாருங்கள், 1.17 மீட்டர்தான் மிச்சம். லிப்ட் 1.8 மீட்டர் எழும் என்றாலும் பொலிரோ நாலடிக்குக் கீழேயே கூரையைத் தொட்டுவிடும். ஆறடி மனிதர் கீழே முக்காலி போட்டுத்தான் உட்கார வேண்டும். மேலே ஷீட் கூரை என்றால் தூக்கிப் போட்டுக்கொள்ளலாம். கான்கிரீட் தளம் என்றால் காசு கொடுத்து வாங்கிய டூ போஸ்டின் உயரத்தில் ஒரு பகுதி வீண்.

கூரைக்காவது அளவுநாடா போதும். தரைக்கு அதுவும் உதவாது. இங்கேதான் நான் பிடிவாதமாக நின்றேன்.

மலை வீடுகள் எப்படி எழுகின்றன? சரிவில் மேல்பக்கத்தை வெட்டி, வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் கொட்டி, ஓரத்தில் கல்லடுக்கி மட்டம் செய்கிறோம். பார்வைக்கு ஒரே சமதரை. உண்மையில் பாதி பூமி, பாதி கொட்டிய மண். கொல்லிமலையில் மேல் மண்ணும் எங்கும் ஒன்றுபோல இருப்பதில்லை. மால்கோ என்ற கம்பெனி பாக்சைட் வெட்டியெடுத்த மலை இது. மேலே செம்புரை, அடியில் கரும்பாறை. எவ்வளவு ஆழத்தில் எது என்பது இடத்துக்கு இடம் மாறும். கொட்டிய மண் பல மழைக்காலம் பார்த்தாலும் மெல்ல அமுங்கிக்கொண்டே இருக்கும். அதன்மேல் கார் நின்றால் தெரியாது. நான்கு சக்கரமும் சேர்ந்து இறங்கும். டூ போஸ்டின் ஒரு தூண் வெட்டிய பக்கமும் மறு தூண் கொட்டிய பக்கமும் நின்றால்?

தூணின் மேல் வருகிற பாரம் வெறுமனே கீழ்நோக்கி அழுத்துவதும் இல்லை. பொலிரோவின் பாதி எடை 800 கிலோ. அது தூணிலிருந்து கிட்டத்தட்ட ஒரு மீட்டர் தள்ளி, கைகளின் நுனியில் தொங்குகிறது. தூண் உள்பக்கம் சாயப் பார்க்கும். வெளிப்பக்கத்து போல்ட்டுகளைத் தரையிலிருந்து பிடுங்கப் பார்க்கும். கை நீளம், அடிப்பலகை குட்டை என்பதால் நெம்புகோல் கணக்கில் அந்தப் பிடுங்கல் 800 கிலோவைவிட இரண்டு மூன்று மடங்கு போகும். இதைத் தாங்குவது போல்ட் பிடித்திருக்கிற கான்கிரீட் மட்டும்தான். நம் ஷெட் தரைகளில் இருப்பது என்ன? மூன்று நாலு அங்குல ஜல்லி, அதன்மேல் சிமென்ட் பூச்சு, வசதியிருந்தால் டைல்ஸ். லிப்டின் கையேடு பொதுவாகக் கேட்பது ஆறு அங்குலமோ அதற்கு மேலோ, கம்பி கட்டிய எம்25 கான்கிரீட், விரிசலும் விளிம்பும் போல்ட்டிலிருந்து எட்டி இருக்க வேண்டும், ஊற்றி 28 நாள் ஆறியிருக்க வேண்டும். ஃபிட்டிங் பண்ண வருகிறவர் மாலைக்குள் மலையிறங்க நினைப்பார். துளை போடும்போது தரை பொலபொலவென்று கொட்டினாலும் போல்ட்டை முறுக்கிவிட்டுப் போய்விடுவார். வீட்டுக்காரர்தான் நின்று பார்க்க வேண்டும்.

இடுப்பு உயர சிசர் லிப்டுக்கு இந்தப் பிடுங்கல் தொல்லை குறைவு. பாரம் அகலமான அடிச்சட்டத்தின் வழியாகக் கீழேதான் இறங்குகிறது. சுமார் ஒரு மீட்டர் எழும். 10 அடிக் கூரைக்குள் பொலிரோவும் அடங்கும். காரை நாலு புள்ளியில் தாங்குவதால் சக்கரங்கள் தொங்கும். குறை என்னவென்றால் கத்தரி நடுவில் உட்கார்ந்துகொள்ளும். கியர் பாக்ஸை இறக்க முடியாது. ஆயில் வேலைக்குத்தான் கற்சுவர் இருக்கிறதே! கியர் பாக்ஸ் இறக்கும் நாள் வந்தால் நாமக்கல் மேஸ்திரியிடமே போகட்டும். அப்போது பிரேக்காவது சரியாக இருக்கும்.

கரண்ட் விஷயத்தில் நண்பர் ஒரு குறுக்குவழி வைத்திருந்தார். தோட்டத்து மோட்டாருக்கு மும்முனை மின்சாரம் வருகிறது, அரசு அதை இலவசமாகவே தருகிறது, அதிலிருந்து ஒரு ஒயர். “அதை மட்டும் பண்ணாதீங்க” என்றேன். பயிருக்குக் கொடுத்ததைக் காருக்கு இழுத்தால் அது திருட்டுக் கேஸ். வீட்டு ஒருமுனை இணைப்பில் ஓடுகிற லிப்ட் கேட்டு வாங்கலாம். மழைக்காலத்தில் மலையில் வோல்டேஜ் இறங்கினால் மோட்டார் உறுமுமே தவிர எழாது, அதற்கும் தயாராக இருக்க வேண்டும்.

இன்னொரு நுணுக்கத்தை விற்பனையாளர்கள் தாங்களாகச் சொல்வதில்லை. காரைத் தூக்கியதும் எண்ணெய் அழுத்தத்தை நம்பிக் கீழே போகக்கூடாது. லிப்டைச் சற்று இறக்கி இரும்புப் பூட்டின்மேல் உட்கார வைக்க வேண்டும். பூட்டில் உட்கார்ந்ததை மறுபடி இறக்க வேண்டுமானால், முதலில் கொஞ்சம் மேலே தூக்கினால்தான் பூட்டு விலகும். தூக்குவதற்குக் கரண்ட் வேண்டும். ஆக, கரண்ட் போனால் கார் மேலேயே நிற்கும். காற்றடித்து மரம் விழுந்து மின்சாரம் போகிற மலையில், அவசரத்துக்கு மருத்துவமனை போக வேண்டிய ஒரே வண்டி அந்தரத்தில் நின்றால் எப்படி? கைப்பம்பு உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்த மாடலை விட்டுவிடுங்கள். ஐரோப்பியத் தரமான ஈஎன் 1493 சான்று இருக்கிறதா என்பதையும் கேட்கலாம், ஆனால் என் மனதில் முதல் கேள்வி கைப்பம்புதான்.

மூடிய ஷோரூம்களிலிருந்து பழைய லிப்ட் பாதி விலைக்கு வருகிறது. நாமக்கல்லில் கிடைக்காத பழைய சாமான் ஏது? டயரையும் கியர் பாக்ஸையும் பழையதாக வாங்குங்கள். எத்தனை வருடம் எப்படி ஓடியது என்று தெரியாத கம்பி வடத்துக்கும் தேய்ந்த பூட்டுக்கும் கீழே தலையை நீட்டாதீர்கள். அதேபோல ஸ்டெப்னியோடு வருகிற ஜாக்கி டயர் மாற்ற மட்டுமே. லிப்ட் வாங்க முடியாதவர்கள் நல்ல டிராலி ஜாக்கியும் நான்கு இரும்பு ஸ்டாண்டும் வாங்கினால் பிரேக் வேலை முழுதும் நடக்கும். ஸ்டாண்டு வைக்காமல் மட்டும் கீழே நுழையக் கூடாது. சரிவில் இதுவும் ஆகாது, மட்டமான கெட்டித் தரை வேண்டும்.

கடைசியில் நண்பர் சிசர் லிப்டுக்கு இறங்கி வந்தார். ஷெட்டின் மேல்பக்கம், பாறை தட்டுப்படுகிற இடத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டாகிவிட்டது. கம்பெனி லாரி நாமக்கல் வரைதான் வரும். அங்கிருந்து பிக்கப்பில் ஏற்றி 70 வளைவையும் சுற்றி, கிரேன் இல்லாமல் இறக்க வேண்டும். அதற்கு அன்னாசி ஏற்றுகிற ஆட்களையே பேசியிருக்கிறார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் இப்போதே தன் பிக்கப்பையும் அதில் தூக்கிப் பார்க்க நாள் கேட்கிறாராம். சரக்கில்லாமல் வந்தால் பார்க்கலாம், காசு வாங்கினால் மின் கட்டணமும் மாறும், பொறுப்பும் மாறும் என்று சொல்லிவைத்திருக்கிறேன். மழை நிற்கட்டும் என்று காத்திருக்கிறோம். தை பிறந்ததும் கான்கிரீட், 28 நாள் தண்ணீர் காட்டிய பிறகு மாசியில் போல்ட். சிமென்ட் மூட்டையைப் போன வாரமே மேலே ஏற்றிவிட்டார். தரையில் அடுக்காமல் பலகைமேல் அடுக்கச் சொன்னேன், அடுக்கினாரா என்று இன்னும் கேட்கவில்லை.