ஏழு பேர்ச்சின் வர்க்கமூலம்

நான் கலைப்பீடத்து ஆள். கணக்கைப் பற்றி எழுத உனக்கென்ன தகுதின்னு கேட்காதீங்க, ஓ.எல். கணக்கில் தட்டுத்தடுமாறி 'எஸ்' எடுத்ததுதான் தகுதி.

ஓ.எல். கணிதப் பரீட்சையில் கல்குலேட்டர் கிடையாது. அதனால் வர்க்கமூலத்தை வகுத்தல் முறையில் மனப்பாடம் செய்தோம்: இலக்கங்களை இரண்டிரண்டாகப் பிரி, இரட்டிப்பாக்கு, கீழே இறக்கு. ஏன் இரட்டிப்பாக்கணும்? யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அண்ணளவாக எடுப்பதை ஒரே பாடவேளையில் கடந்துட்டோம்.

போன விடுமுறைக்கு மஸ்கெலியா வந்தப்போ வீட்டில் காணிப் பேச்சு. முதலில் 7 பேர்ச் என்றார்கள், பிறகு 10 என்றார்கள். "பத்துன்னா எவ்வளவு பெருசு?" என்று அம்மா கேட்டாங்க. ஒரு பேர்ச் 272.25 சதுர அடி, ஏழுக்கு 1905.75. சதுரமான துண்டு என்றால் பக்கம்? 44ஐ 44ஆல் பெருக்கினால் 1936. சுமார் 30 கூடிப்போச்சு. அதை 88ஆல் வகுத்து 44இல் கழித்தால் 43.66 அடி. இரட்டிப்பு அப்போதான் விளங்கியது: சதுரத்தைச் சுருக்க அடுத்தடுத்த இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு கீற்று வெட்டணும், ஒவ்வொன்றும் 44 அடி நீளம். 1881இல் பெஷாவர் பக்கம் கிடைத்த பக்ஷாலி ஏட்டிலும் இதுதான் முதல் படி.

வகுத்தல் முறையைத் தூக்கச் சொல்லவில்லை. ஊகம் முதலில் வரட்டும், முறை பிறகு வரட்டும். கணக்கில் வழுக்கி ஓ.எல்.லோடு படிப்பு நின்றுபோன பிள்ளைகள் எங்க தோட்டத்திலேயே இருக்காங்க. அவங்களுக்குக் காணி அளவு விளங்காதா என்ன?

10 பேர்ச்சுக்கு 52 அடி சொச்சம். "எட்டரை அடிதானா கூட?" என்றாங்க அம்மா.

"நீளத்திலயும் அகலத்திலயும்மா."

"அப்போ ஒரு குசினி வரும்."