மலையகத்துக்கு இயன்மருத்துவ உதவியாளர்கள் தேவை

கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டி, செங்குத்தான சரிவுகளில் நாள் முழுவதும் நிற்கும் எமது தோட்டத் தொழிலாளப் பெண்களுக்கு முதுகுவலியும் கழுத்துவலியும் புதியவையல்ல. மாத்திரை வலியைத் தணிக்கலாம். தொடர்ச்சியான உடற்பயிற்சியே இயக்கத்தை மீட்டுத் தரும்.

இந்திய உதவியுடன் 150 கட்டில்களோடு அமைந்த டிக்கோயா ஆதார வைத்தியசாலை 2017 மே மாதத்தில் திறந்து வைக்கப்பட்டது. கட்டடம் மட்டும் போதாது. பயிற்சிகளைத் தமிழில் விளக்கி, லயம் வரை சென்று கவனிப்போரும் வேண்டும்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இயன்மருத்துவப் பட்டப்படிப்பு உண்டு. ஆனால், உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ள பாடசாலைகள் அருகிய தோட்டப்புறங்களில் எத்தனை பேர் அந்த வாசலை எட்டுவர்?

ஆகவே, சாதாரண தரம் சித்தியடைந்த தோட்ட இளைஞர் யுவதிகளுக்கு, இயன்மருத்துவரின் மேற்பார்வையில் பணியாற்றும் உதவியாளர் பயிற்சியை ஹற்றனிலும் நுவரெலியாவிலும் அரசு ஆரம்பிக்க வேண்டும் என வலியுறுத்துகின்றோம். சான்றிதழுடன் நியமனமும் உறுதிப்படுத்தப்பட வேண்டும். இன்றேல் அது வெறும் காகிதமாகவே எஞ்சும்.