நாலு வாசல் கோயிலும் நம்மூர்க் கோயிலும்

கோயிலையும் குளத்தையும் கண்டிக்கிற நமக்குச் சீக்கியர் கோயிலைப் பற்றி என்ன பேச்சு என்று சில தோழர்கள் கேட்கலாம். அமிர்தசரஸ் குளத்தில் முழுகினால் பாபம் தொலையும் என்று நாம் சொல்ல வரவில்லை. மாமாங்கக் குளத்தில் போகாதது அங்கேயும் போகாது. தண்ணீரில் போவது அழுக்கு ஒன்றுதான். நாம் சொல்ல வந்தது அந்தக் கோயிலின் வாசலையும் அடுப்பையும் பற்றியேயாகும்.

குரு ராமதாஸ் வெட்டிய குளத்தின் நடுவே குரு அர்ஜுன் கட்டி முடித்த கோயில் அது. 1604இல் அங்கே வைத்த வேத நூலில் நெசவாளி கபீரின் பாட்டும், செருப்புத் தைத்த ரவிதாஸின் பாட்டும், முஸ்லிமான பரீதின் பாட்டும் இருக்கின்றன. கோயிலுக்கு நாலு திக்கிலும் வாசல். பக்கத்திலேயே பொதுச் சமையல்; பல்லாயிரம் பேர் ஜாதி கேளாமல் ஒரே வரிசையில் தரையில் உட்கார்ந்து தினமும் உண்கிறார்கள்.

ஆனால் அந்தக் கோயிலையும் புரோகிதக் கூட்டம் விட்டுவைக்கவில்லை. 1920 அக்டோபரில் தாழ்ந்த ஜாதியார் என்று ஒதுக்கப்பட்ட சீக்கியர்கள் கொண்டுவந்த பிரசாதத்தை வாங்க மாட்டோம் என்று பூசாரிகள் மறுத்தார்கள். ஜனங்கள் நகரவில்லை. நூலைத் திறந்து பார்த்ததில் அதுவும் ஜாதிக்கு விரோதமாகவே பேசிற்று. நூல் என்ன சொல்லிற்று என்பதல்ல நமக்கு முக்கியம். ஜனங்கள் நகராமல் நின்றதே முக்கியம். பூசாரிகள் வெளியேறினார்கள். அடுத்த மாதமே நிர்வாகக் கமிட்டி ஏற்பட்டது. 1921 பிப்ரவரியில் நன்கானா கோயிலில் மகந்தின் ஆட்கள் சீக்கியர் பலரை வெட்டிக் கொன்றார்கள். அப்படியும் அவர்கள் விடவில்லை; 1925இல் கோயில்களைத் தேர்தல் கமிட்டியின் கையில் கொடுக்கும் சட்டம் வந்தது.

அந்த அகாலிகள்தான் 1924இல் வைக்கத்துக்கு வந்து, தெருவில் நடக்கும் உரிமைக்காகப் பெரியாரும் தோழர்களும் சிறை சென்ற போராட்டத்தில் அடுப்பு மூட்டிச் சோறு போட்டவர்கள். காந்தியார் அது கூடாதென்றார்; அடுப்பு அணைந்தது. பசித்தவனுக்குச் சோறு போட வந்தவனிடம் மதம் கேட்ட நாடு நம் நாடு!

அதே 1925இல் நீதிக்கட்சி ஆட்சியும் இங்கே அறநிலையச் சட்டம் செய்தது. கணக்குப் பெட்டி கைக்கு வந்தது, கர்ப்பக்கிரகம் வரவில்லை. வாரிசு அர்ச்சகர் முறையை ஒழிக்க 1970இல் சட்டம் செய்தும், பயிற்சி பெற்ற பல ஜாதியார் 24 பேருக்கு வேலை கிடைக்க 2021 ஆகஸ்டு வரை ஆயிற்று. ராயபுரத்திலும் எண்ணூரிலும் கப்பல் சரக்கு இறக்குகிற தோழன் திருவொற்றியூர்க் கோயில் உண்டியலில் காசு போடலாம். அந்தக் காசை யாரும் தீட்டென்று தள்ளுவதில்லை. காசு தாண்டுகிற வாசற்படியை அவன் மட்டும் தாண்டக் கூடாதாம்! இதற்குப் பெயர் ஆகமமா, வியாபாரமா?

சீக்கியரிடமும் ஜாதி ஒழிந்துவிடவில்லை. பஞ்சாபுக் கிராமங்கள் பலவற்றில் ஜாதிக்கொரு கோயிலும் சுடுகாடும் உண்டு. 1956இல் தாழ்த்தப்பட்ட சீக்கியர் யாவரையும் பட்டியல் ஜாதியில் சேர்க்க நேர்ந்ததே அதற்குச் சாட்சி. அமிர்தசரஸ் கோயிலுக்குள் பெண்களும் கீர்த்தனை பாட இடம் கொடுங்கள் என்று 2019இல் பஞ்சாபுச் சட்டசபை தீர்மானம் போட வேண்டியிருந்தது.

ஆகவே மதத்தை மாற்றினால் போதும் என்று நாம் சொல்லவில்லை. ஒரே பந்தியில் உண்பதும், பூசாரியிடமிருந்து பொதுச் சொத்தைப் பறிப்பதும் சாமியால் நடந்தவையல்ல. மனிதர் கூடி நின்றதால் நடந்தவை. பஞ்சாபில் முடிந்தது திருவொற்றியூரில் ஏன் முடியாது? தோழர்களே, யோசித்துப் பாருங்கள்.