பேராசிரியரின் கடவுச்சொல் யாருடைய சொத்து?

"என் மெயில்ல அப்படி என்ன ராணுவ ரகசியமா இருக்கு? இதுக்குப் போய் ரெண்டு பூட்டா?"

பல்கலைக்கழக ஊழியர்களின் கணக்குகளுக்கு இரட்டைச் சரிபார்ப்பு கட்டாயம் என்று சுற்றறிக்கை வந்ததும் கிளம்புகிற கேள்வி இது. கேட்பவர்கள் விவரம் தெரியாதவர்கள் இல்லை. பெயருக்கு முன்னால் டாக்டர் போட்டுக்கொள்பவர்கள்!

சமாச்சாரம் ரொம்ப எளிது. கடவுச்சொல் என்பது மனதில் இருக்கும் ஒன்று. அதோடு கையில் இருக்கும் ஒன்றையும் காட்டினால்தான் கதவு திறக்கும், அவ்வளவுதான். வங்கி ஓடிபி கேட்டால் எந்தப் பேராசிரியரும் கொடி பிடிப்பதில்லை. அங்கே இருப்பது சொந்தப் பணம் அல்லவா? பல்கலைக்கழகக் கணக்கு என்றால் மட்டும் அதே ஆறு இலக்கம் கல்விச் சுதந்திரத்தின் மேல் தாக்குதல் ஆகிவிடுகிறது.

ரகசியமே இல்லை என்பவர்கள், 2018 மார்ச்சில் அமெரிக்க நீதித்துறை வெளியிட்ட குற்றப்பத்திரிகையை ஒரு முறை புரட்டலாம். இரானின் மாப்னா இன்ஸ்டிடியூட்டோடு தொடர்புடைய 9 பேர் மீது குற்றச்சாட்டு. குறிவைக்கப்பட்டவை உலகெங்கும் 1,00,000-க்கும் மேற்பட்ட பேராசிரியர் கணக்குகள். சிக்கியவை சுமார் 8,000. அமெரிக்காவில் 144 பல்கலைக்கழகங்கள், வெளியே 21 நாடுகளில் 176. அள்ளிப்போனது 31.5 டெராபைட் என்கிறது குற்றப்பத்திரிகை. தூண்டிலில் மாட்டிய புழு என்ன தெரியுமா? வேறொரு பல்கலைக்கழகப் பேராசிரியர் எழுதுவதுபோல, "தங்கள் ஆய்வுக் கட்டுரையைப் படித்தேன், மேலும் அறிய ஆவல்" என்று ஒரு மடல். கீழே சுட்டி. சுட்டியை அழுத்தினால் சொந்தப் பல்கலைக்கழகத்தின் உள்நுழைவுப் பக்கம் மாதிரியே ஒரு போலிப் பக்கம். தன் கட்டுரையை யாரோ படித்திருக்கிறார் என்றால் எந்தப் பேராசிரியர்தான் அழுத்தாமல் இருப்பார்? :-)

ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் 2018 நவம்பரில் நடந்ததும் இதே ரகம்தான். ஒரு மூத்த ஊழியருக்கு வந்த மின்னஞ்சலில் தொடங்கியது. அங்கே களவு போன கடவுச்சொல்லைப் பிடித்துக்கொண்டு நுழைந்தவர்கள், கடைசியில் 19 ஆண்டுத் தகவல்கள் குவிந்திருந்த நிர்வாக அமைப்பை எட்டினார்கள். பாஸ்போர்ட் விவரம், வங்கி விவரம், மாணவர்களின் மதிப்பெண் எல்லாம் கிடந்த இடம் அது. 2019 ஜூனில்தான் விஷயம் வெளியே வந்தது. எப்போதோ படித்து முடித்துப் போனவனின் பிறந்த தேதிக்கு அந்த மின்னஞ்சல் பெட்டிதான் வாசல் என்றால், பெட்டிக்காரர் "என் மெயில், என் இஷ்டம்" என்று சொல்வதில் என்ன நியாயம்?

சரி, மாணவன் எக்கேடோ கெடட்டும். சம்பளம்? 2025 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் ஓர் அறிக்கை வெளியிட்டது. அமெரிக்கப் பல்கலைக்கழக ஊழியர்களின் சம்பளத்தைத் தங்கள் வங்கிக் கணக்குக்குத் திருப்பிவிடும் கும்பலைப் பற்றியது. 2025 மார்ச் முதல் 3 பல்கலைக்கழகங்களில் சிக்கிய கணக்குகள் வெறும் 11. அந்தப் பதினொன்றிலிருந்து 25 பல்கலைக்கழகங்களின் ஏறக்குறைய 6,000 முகவரிகளுக்குத் தூண்டில் பறந்தது. "வளாகத்தில் தொற்றுநோய்", "ஆசிரியர் மேல் ஒழுங்குப் புகார்" என்றெல்லாம் தலைப்பு. தெரிந்த வளாகத்து முகவரியிலிருந்து வந்தால் யார் சந்தேகப்படுவார்கள்? உள்ளே நுழைந்ததும், வொர்க்டே என்ற சம்பள மென்பொருள் அனுப்பும் எச்சரிக்கை மடல்களைத் தானாக அழித்துவிடும்படி மின்னஞ்சல் பெட்டியில் ஒரு விதியை எழுதிவைப்பார்கள். பிறகு நிதானமாக வங்கிக் கணக்கு எண்ணை மாற்றுவார்கள். சில கணக்குகளில் தங்கள் தொலைபேசி எண்ணையே இரண்டாம் பூட்டுக்கும் பதிந்துவைத்தார்களாம். எவ்வளவு அக்கறை!

இங்கேதான் எதிர்த்தரப்பு துள்ளிக் குதிக்கும். அந்தக் கும்பல் ஓடிபி எண்களையும் திருடியது உண்மை. "பாத்தீங்களா, ரெண்டு பூட்டு இருந்தும் போச்சே!" போகத்தான் செய்யும். போலிப் பக்கத்தில் கடவுச்சொல்லைத் தட்டுபவர் ஆறு இலக்கத்தையும் சேர்த்தே தட்டிவிடுவார். நடுவில் உட்கார்ந்திருப்பவன் அதே நொடியில் அதை அசல் பக்கத்தில் போட்டு உள்ளே போய்விடுவான். எஸ்எம்எஸ்ஸில் வந்தாலும் செயலியில் வந்தாலும் இதே கதைதான். ஆனால் இதற்குத் தீர்வு பூட்டைக் கழற்றி எறிவதா? வேறு நல்ல பூட்டுப் போடுவதுதானே! யூஎஸ்பியில் செருகும் பாதுகாப்புச் சாவிகள் இருக்கின்றன. சாவி முதலில் பக்கத்தின் முகவரியைப் பார்க்கும். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் வாயே திறக்காது. மனிதக் கண் ஏமாறும் இடத்தில் அது ஏமாறாது. கூகுள் 2017 தொடக்கத்தில் இதைக் கட்டாயமாக்கியது. அதன்பின் தன் 85,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களில் ஒருவர் அலுவலகக் கணக்குகூட இப்படித் திருடு போகவில்லை என்று 2018-இல் சொன்னது.

ஒரு ஆட்சேபணையை மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும். "என் சொந்த போனில் அலுவலகச் செயலியை எதற்கு நிறுவ வேண்டும்?" நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டியது நிர்வாகம். மாடி மாடியாகக் கட்டடம் எழுப்பக் காசு இருக்கும்போது ஊழியருக்கு ஒரு சாவி வாங்கித்தரக் காசு இல்லையா? போன் உங்களுடையது, செலவும் உங்களுடையது, பாதுகாப்பு மட்டும் எங்களுடையது என்பது தொழிலாளியை ஏய்ப்பது. விலக்கு கொடுக்கும் பழக்கமும் போக வேண்டும். சம்பளப் பிரிவு எழுத்தருக்குக் கட்டாயம், துறைத்தலைவருக்கு "வசதிப்படி" என்றால், திருடன் துறைத்தலைவர் வீட்டு வாசலில்தான் நிற்பான்.

சாவி தொலைந்தால்? உதவி மையத்துக்கு போன் போட்டு, "நான்தாங்க சார், மறந்து வெச்சுட்டேன்" என்றதும் திறந்துவிட்டால் மொத்த ஏற்பாடும் வீண். நேரில் வந்து அடையாள அட்டையைக் காட்டச் சொல்லட்டும். அல்லது ஆளுக்கு இரண்டு சாவியாகக் கொடுத்துவிடட்டும், ஒன்று சட்டைப்பையில், ஒன்று வீட்டு பீரோவில்.