ஊசி போட்டாச்சுங்க, விடலாங்களா?

சேலம் பேர்லேண்ட்ஸ், அழகாபுரம் பக்கத்து கிளினிக்குகளிலும், நாமக்கல், திருச்செங்கோடு நகரங்களிலும் இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். காலை எட்டு மணிக்குக் கதவைப் பூட்டினால் இரவு ஏழுக்குத்தான் திறக்கிறார்கள். முன்பு தோட்டத்து வீட்டில் யாராவது ஒரு பெரியவர் எப்போதும் இருந்தார். நாயும் களத்திலேயே கிடந்தது. அடுக்ககத்தின் மூன்றாவது மாடியில் அடைபட்ட லாப்ரடாருக்கு அந்தத் துணை இல்லை. அதனால் தடுப்பூசி அட்டையை மேசைமேல் வைத்து, “எல்லா ஊசியும் போட்டாச்சுங்க டாக்டர், டே கேர்ல விடலாங்களா?” என்று கேட்கிறார்கள். நாம் தேதிகளைப் பார்த்துத் தலையாட்டி விடுகிறோம்.

அது போதாது. கோழியை நம்பி வாழும் இந்த மண்ணின் மருத்துவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. ஒரு பண்ணைக்குள் நுழைந்ததும் நாம் என்னென்ன கேட்கிறோம்? ஒரு கூண்டுக்கு எத்தனை பறவை, காற்றோட்டம் எப்படி, புதிதாக வந்தவற்றைத் தனியே வைத்தார்களா, யார் யார் உள்ளே போய் வருகிறார்கள் என்று கேட்கிறோம். ஊசி போட்டாயிற்று என்ற ஒரே பதிலோடு எந்தப் பண்ணையை விட்டும் நாம் கிளம்பியதில்லை. இருபது வீட்டு நாய்கள் ஒரே முற்றத்தில் கூடும் பகல் காப்பகத்தைப் பற்றி மட்டும் ஏன் ஒன்றும் கேட்பதில்லை?

அட்டை சொல்லாதவற்றில் முதலாவது உண்ணி. எர்லிக்கியாவும் பபேசியாவும் நம் மேசைக்கு வராத மாதம் கிடையாது. பழுப்பு நாய் உண்ணி சுவர் விரிசலில் ஏறி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஒரு நாய் கொண்டு வந்தது சில வாரங்களில் அந்தக் கட்டடத்துக்கே சொந்தமாகிவிடும். எர்லிக்கியா தொற்றிக் காய்ச்சல் தெரிய ஒன்று முதல் மூன்று வாரம் ஆகும் என்பதால், வளர்ப்பவர் அதைக் காப்பகத்தோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. வாசலிலேயே காது மடலையும் விரல் இடுக்கையும் விரித்துப் பார்க்கும் ஆள் அங்கே உண்டா என்று கேட்கச் சொல்ல வேண்டும். எலிக்காய்ச்சல் இன்னொன்று. தீவனக் குடோன்களை ஒட்டிய இடமானால் எலி இல்லாமல் இராது. நாம் போடும் ஊசி சில செரோவகைகளுக்கு மட்டுமே காப்பு. அதுவும் ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தால்தான்.

குட்டிகள் விஷயத்தில் குழப்பம் அதிகம். மூன்றாவது வாரத்திலிருந்து ஏறத்தாழ பதினான்காவது வாரம் வரை குட்டி உலகத்தோடு பழகும் காலம்; தடுப்பூசித் தொடர் முடிவதோ பதினாறு வாரம் ஆன பிறகு. முதல் ஊசி போட்டு ஒரு வாரம் கழிந்ததும் குட்டிகளுக்கான பழக்க வகுப்பில் சேர்க்கலாம் என்று அமெரிக்க விலங்கு நடத்தை மருத்துவர் சங்கம் 2008இல் அறிவுறுத்தியதைச் சிலர் மேற்கோள் காட்டுகிறார்கள். அது தூய்மையான இடத்தில், ஊசி போட்ட சம வயதுக் குட்டிகளோடு கழியும் குறுகிய நேரத்துக்குச் சொன்னது. பார்வோ கிருமி மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும் தரையில் எட்டு மணி நேரம் விடுவதற்கு அதில் அனுமதி இல்லை.

இவற்றைவிட முக்கியமானது நாயின் குணம். நம் தொழிலில் குறைவாகப் பேசப்படுவதும் அதுதான். கூட்டத்தில் விட்ட நாயைப் பத்து நிமிடம் நின்று பாருங்கள். கூட்டம் ஒத்துவராத நாயானால் சுவரோரம் ஒட்டி நிற்கும். வால் தொடைக்கு நடுவே போயிருக்கும். ஒன்றுமில்லாமலே மூக்கை நக்கும், கொட்டாவி விடும். கண்ணின் வெள்ளை ஓரத்தில் பிறையாகத் தெரியும். வேறொரு நாய் நெருங்கினால் தலையைத் திருப்பிக்கொள்ளும். “எங்க பையன் ரொம்ப அமைதிங்க, சண்டையே போட மாட்டான்” என்று வளர்ப்பவர் பெருமைப்படுவது இந்த நாயைப் பற்றித்தான். அது அஞ்சி உறைந்து நிற்கிறது. சில வாரம் இப்படியே போனால் ஒருநாள் கடிக்கவும் கூடும். அப்போது, திடீரென்று கடித்துவிட்டது என்பார்கள். நன்றாக விளையாடும் நாய் முன்னங்காலைத் தாழ்த்தி அழைக்கும், துரத்தும், பிறகு துரத்தவும் விடும், இடையிடையே தானாக நின்று மூச்சு வாங்கும். இந்த மாறி மாறி ஆடும் ஆட்டம் இல்லாத இடத்தில் நடப்பது விளையாட்டு ஆகாது.

சிப்பிப்பாறையும் கன்னியும் ஓடுவதைப் பிடிக்கவே வளர்க்கப்பட்ட இனங்கள். பொமரேனியன் ஓடும் முற்றத்தில் அவற்றை அவிழ்த்துவிடுவது வினையை விலைக்கு வாங்குவது. பண்ணையைக் காத்துப் பழகிய நாய்க்கு அந்நிய நாய் எல்லாமே எதிரி. வயதாகி மூட்டு வலியோடு இருக்கும் நாய்க்கு வீடே போதும். பிரிவுத் துயரால் கதவைப் பிறாண்டும் நாய்க்குக் காப்பகம் மருந்தாகும் என்று நம்பி அனுப்புவார்கள். ஆள் துணை கிடைத்தால் சில நாய்கள் அடங்கும். சில அங்கேயும் வாசலைப் பார்த்தே நாள் முழுக்கக் குரைக்கும். சோதித்துப் பார்க்காமல் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

பக் நாயைத் தனியே சொல்ல வேண்டும். 2003இல் ஹட்ச் கைபேசி விளம்பரத்தில் வந்த பிறகு வீடு வீடாகப் புகுந்த இனம் அது. மூக்கு குட்டை, மூச்சிரைத்து உடம்பைக் குளிர்விக்கும் வழியும் குறுகல். நாயின் இயல்பு வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட்; 106ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. சேலத்துச் சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே, நண்பகலில், மற்ற நாய்கள் துரத்தத் துரத்த ஓடும் பக்குக்கு அந்த எல்லை வெகு தொலைவில் இல்லை. காப்பகத்தைப் பார்க்கப் போகிறவரிடம் பகல் ஒரு மணிக்குப் போகச் சொல்லுங்கள். அந்நேரத்தில் தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கட்டும். நாய்கள் அப்போது தூங்கிக்கொண்டிருந்தால் நல்ல இடம். வளர்ந்த நாய் நாளில் பாதிக்குமேல் உறங்கும் பிராணி; அதை நாள் முழுக்க ஓடவிடுவதை விளம்பரமாகச் சொல்லும் இடம் வேண்டாம்.

முதலில் அரை நாள், வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை என்று ஆரம்பிக்கலாம். தொடக்கத்தில் மலம் இளகலாம், மாலையில் தின்ன மறுத்துத் தூங்கலாம்; ஒன்றிரண்டு நாளில் சரியாக வேண்டும். இருமல் வந்தால் மற்ற நாய்களிடமிருந்து உடனே பிரித்து வைக்கச் சொல்ல வேண்டும். வாசலை நெருங்கும்போதே நாய் பின்வாங்கினால் அதன் பதில் கிடைத்துவிட்டது. அனுப்ப வேண்டாம் என்று சொல்வதும் சிகிச்சைதான். விடியற்காலையில் அவசரமில்லாமல் மோப்பம் பிடித்தபடி அரை மணி நேர நடை, மதியம் ஒருமுறை வந்து பார்க்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளை. பல நாய்களுக்கு இவ்வளவே போதும்.

இனி சட்டம். 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விதிகளும் 2018ஆம் ஆண்டின் செல்லப்பிராணிக் கடை விதிகளும் இனப்பெருக்கத்தையும் விற்பனையையும் பற்றியவை. பகல் காப்பகத்துக்குப் பொருந்துவது 1960ஆம் ஆண்டின் வதைத் தடுப்புச் சட்டம். விலங்கைப் பொறுப்பில் வைத்திருப்பவர் எவராயினும் அதன் நலனுக்கு நியாயமான எல்லா ஏற்பாடுகளையும் செய்தாக வேண்டும் என்கிறது அதன் மூன்றாம் பிரிவு. குட்டைச் சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைப்பது பதினொன்றாம் பிரிவின்படி குற்றம். நம் பகுதியில் இதை எடுத்துச் சொல்லக் கால்நடை மருத்துவரை விட்டால் ஆளில்லை. அங்கே வேலை பார்ப்பவர்களுக்கு வெறிநோய் முன்தடுப்பு ஊசி போட்டிருக்கிறதா என்று விசாரிப்பதும் நம் கடமையே.

ஆகவே ஒரு வேண்டுகோள். காப்பகத்திலிருந்து வந்த கடி, கழிச்சல், வெப்பத் தாக்கு, உண்ணிக் காய்ச்சல் ஆகியவற்றை நாய் அங்கே போன நாளோடு சேர்த்து உங்கள் பதிவேட்டில் குறியுங்கள். வளர்ப்பவர் பெயரையும் காப்பகத்தின் பெயரையும் நீக்கிவிட்டு எங்களுக்கு அனுப்புங்கள். சேலம், நாமக்கல் இரு மாவட்டங்களின் பதிவுகளையும் தொகுத்து இந்த இதழில் வெளியிடுகிறோம்.