இலவச இடத்தில் வைத்த படங்கள் என்ன ஆயின?

போட்டோ எடுப்பது பலருக்குப் பொழுதுபோக்கு. சிலர் பறவைகளை எடுப்பார்கள். சிலர் பூக்களை எடுப்பார்கள். ரெயில் என்ஜின்களையே தேடித் தேடி எடுப்பவர்களும் உண்டு.

எடுத்த படத்தை நாலு பேருக்குக் காட்ட வேண்டும். அப்போதுதான் அவர்களுக்குத் திருப்தி.

முன்பு ஆல்பத்தில் ஒட்டி, வீட்டுக்கு வந்தவர்களுக்குக் காட்டினார்கள். இப்போது இணையத்தில் காட்டுகிறார்கள். படங்களை வாங்கி வைத்துக்கொள்ளும் கம்பெனிகள் அங்கே இருக்கின்றன. படத்தை அனுப்பிவிட்டால், உலகத்தின் எந்த மூலையில் இருப்பவரும் பார்க்கலாம்.

"காசு வேண்டாம், இலவசம்!" என்றன பல கம்பெனிகள். கோடிக்கணக்கான மக்கள் நம்பிப் படங்களைக் கொடுத்தார்கள்.

பிறகு என்ன நடந்தது?

400 டாலர் கேட்டது

அமெரிக்காவில் 2003-ம் ஆண்டு "போட்டோபக்கெட்" என்ற கம்பெனி தொடங்கியது. அதில் படத்தை வைத்துவிட்டு, வேறு இணையப் பக்கங்களிலும் அந்தப் படம் தெரியும்படி செய்யலாம்.

பொழுதுபோக்குக்காரர்களுக்கு இது பெரிய வசதியாக இருந்தது. பழைய காரைப் பழுதுபார்ப்பவர், எந்தத் திருகை எப்படிக் கழற்ற வேண்டும் என்று எழுதினார். பக்கத்திலேயே படத்தையும் காட்டினார். மற்றவர்கள் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள்.

2017 ஜூன் கடைசியில் கம்பெனி விதியை மாற்றியது. வேறு பக்கங்களில் படம் தெரிய வேண்டுமானால், ஆண்டுக்குச் சுமார் 400 டாலர் கட்ட வேண்டும் என்றது.

பணம் கட்டாதவர்களின் படங்கள் அந்தப் பக்கங்களில் இருந்து மறைந்தன. எழுத்து இருந்தது. படம் இல்லை. பல ஆண்டு உழைப்பு பாழாயிற்று.

2018-ல் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. ஆனால் அதற்குள் பலர் வேறு இடம் தேடிப் போய்விட்டார்கள்.

கை மாறிய "பிளிக்கர்"

"பிளிக்கர்" கதை வேறு. கனடா நாட்டில் ஒரு சிறு கம்பெனி, இணைய விளையாட்டு ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தது. அதில் இருந்து கிளைத்ததுதான் பிளிக்கர். 2004-ம் ஆண்டு அது வெளிவந்தது.

ஒரே விருப்பம் உள்ளவர்கள் அங்கே குழுவாகச் சேர்ந்தார்கள். ஒருவர் படத்தை மற்றவர் பாராட்டினார். குறை இருந்தால் சொன்னார். போட்டோ பிரியர்களுக்கு அது ஒரு சங்கம் போல இருந்தது.

2005-ல் யாகூ கம்பெனி அதை விலைக்கு வாங்கியது. 2013-ல் ஒரு பெரிய சலுகையை அறிவித்தது. ஆளுக்கு ஒரு டெராபைட் இடம் இலவசம்! ஒரு படம் 2 எம்.பி. அளவு என்றால், சுமார் 5 லட்சம் படங்கள் வைக்கலாம்.

அந்தச் சலுகை 6 ஆண்டுகூட நிலைக்கவில்லை. 2018 ஏப்ரலில் "ஸ்மக்மக்" கம்பெனி பிளிக்கரை வாங்கியது. இலவசக் கணக்கில் இனி 1,000 படங்கள்தான் என்று அதே ஆண்டு அறிவித்தது. அதற்கு மேல் உள்ளவை 2019-ல் நீக்கப்படும் என்றும் சொன்னது. அதுவும், பழைய படங்கள் முதலில்!

ஸ்மக்மக் ஒளித்துப் பேசவில்லை. பிளிக்கர் நஷ்டத்தில் நடக்கிறது, சந்தா கட்டி உதவுங்கள் என்று 2019 டிசம்பரில் வெளிப்படையாகவே கேட்டது.

கூகுளும் மாறியது

கூகுள் போட்டோஸ் 2015-ல் வந்தது. அளவைச் சற்றுச் சுருக்கிக்கொள்ளச் சம்மதித்தால், எத்தனை படமும் வைக்கலாம் என்றது.

2021 ஜூன் 1-ந் தேதி முதல் அது மாறிவிட்டது. இப்போது மெயில், படம் எல்லாவற்றுக்கும் சேர்த்து 15 ஜி.பி.தான் இலவசம். அதற்கு மேல் பணம்.

காரணம் என்ன?

தினமும் வந்து குவியும் படங்கள்தான் காரணம். கூகுளிடம் மட்டும் 4 லட்சம் கோடி படங்கள் சேர்ந்துவிட்டதாக 2020-ல் அந்தக் கம்பெனியே சொன்னது.

படங்கள் காற்றில் மிதப்பதில்லை. எங்கோ ஒரு கட்டிடத்தில், இயந்திரத் தட்டுகளில் இருக்கின்றன. ஒரு தட்டு கெட்டால் படம் போய்விடும். ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் பல நகல் வேண்டும். மின்சாரம் வேண்டும். இயந்திரம் சூடாகாமல் குளிர்விக்க வேண்டும். ஆட்களுக்குச் சம்பளம் வேண்டும். இந்தச் செலவு நாளுக்கு நாள் ஏறுமே தவிர இறங்காது.

பார்ப்பவர் பணம் தரவில்லை. வைப்பவரும் தரவில்லை. அப்படியானால் விளம்பரக்காரர் தர வேண்டும். இல்லாவிட்டால், கம்பெனி கைப்பணத்தைப் போட வேண்டும். கைப்பணம் தீரும் நாளில் விதி மாறுகிறது.

தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். இந்த மாட்டை மட்டும் பார்த்துத்தான் வாங்க வேண்டும்!

எங்கே வைக்கலாம்?

ஒரே விருப்பம் உள்ளவர்களோடு பழக நினைப்பவருக்கு இன்றும் பிளிக்கர் ஏற்றது. 1,000 படத்துக்குள் தேர்ந்தெடுத்து வைத்தால் போதும்.

தனக்கென்று அழகான ஆல்பம் வேண்டுவோர் ஸ்மக்மக்கில் சந்தா கட்டலாம். அங்கே தொடக்கம் முதலே பணம்தான்.

கோவில், கோட்டை, பறவை, செடி போன்ற படங்களை உலகத்துக்கே கொடுக்க விரும்புவோருக்கு விக்கிமீடியா காமன்ஸ் இருக்கிறது. விளம்பரம் கிடையாது. நன்கொடையில் நடக்கிறது. ஆனால் அந்தப் படத்தை யாரும் எடுத்து, வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம். கொடுத்த உரிமையைத் திரும்பப் பெற முடியாது.

இன்ஸ்டாகிராமில் கூட்டம் அதிகம். ஆனால் அது படத்தின் அளவைச் சுருக்கிவிடும். அசல் படத்தைப் பாதுகாக்கும் இடம் அது அல்ல.

குடும்பங்கள் கவனிக்க

செல்போனில் எடுத்த படத்துக்குள், எடுத்த இடத்தின் குறிப்பும் பதிந்திருக்கலாம். வீட்டில் எடுத்த குழந்தையின் படம், வீடு இருக்கும் இடத்தையே காட்டிக்கொடுத்துவிடக்கூடும். பொதுவில் வைக்கும் முன் அந்தக் குறிப்பை நீக்க வேண்டும்.

இன்னொன்று. கணக்கு ஒருவர் பெயரில் இருக்கும். அவர் காலமானால் சந்தா நின்றுவிடும். 2 ஆண்டு தொடாத கணக்குகளை நீக்கும் விதியைக் கூகுள் 2023 டிசம்பர் முதல் அமல் நடத்துகிறது. தனக்குப் பின் யார் பார்ப்பது என்று முன்கூட்டியே பெயர் குறித்து வைக்க அங்கே வசதி உண்டு. பலர் அதைச் செய்வதில்லை.

இணையத்தில் இருப்பது காட்சிக்கு வைத்த நகலாக இருக்கட்டும். அசல் வீட்டில் இருக்க வேண்டும். கம்ப்யூட்டரில் ஒன்று, தனித் தட்டில் ஒன்று, உறவினர் வீட்டில் இன்னொன்று இருந்தால் நல்லது. மிகவும் வேண்டிய படங்களைக் காகிதத்தில் அச்சிட்டும் வைக்கலாம்.

வாடகை வீட்டுக்காரர் எப்போது வேண்டுமானாலும் காலி செய்யச் சொல்லலாம். சாமானை எடுத்துக்கொண்டு போக வழி இருந்தால் கவலை இல்லை.